ஊர் போட்ட தடையை மாநிலம் அழிக்கலாமா? அமெரிக்கப் புகையிலைச் சட்டங்களும் பிரீஎம்ப்ஷனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென்சில்வேனியாவில் பிலடெல்பியாவுக்கு ஒரு நியாயம், பிட்ஸ்பர்க்குக்கு ஒரு நியாயம். பிலடெல்பியா 2006இல் தனக்கென்று புகைத்தடைச் சட்டம் போட்டது, அது நின்றது. அதே ஆண்டு பிட்ஸ்பர்க் இருக்கும் அலகெனி கவுண்டியும் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) போட்டது. நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது. கவுண்டி மன்றம் முறைப்படி ஓட்டெடுத்து நிறைவேற்றிய சட்டம்தான். அப்புறம் எது தடுத்தது? மாநிலச் சட்டத்தில் கிடந்த ஒரு வாக்கியம். அப்படிப்பட்ட வாக்கியங்களைப் பற்றித்தான் இந்தக் கேள்வி பதில்.

பிரீஎம்ப்ஷன் என்றால் என்ன?

மேலே இருக்கும் அரசு கீழே இருக்கும் அரசைப் பார்த்து, "இந்த விஷயத்தில் நீ சட்டம் போடாதே, போட்டாலும் செல்லாது" என்று சொல்வது. அமெரிக்காவில் மத்திய அரசு மாநிலத்தை இப்படித் தடுக்கலாம். மாநிலம் தன் நகரங்களையும் கவுண்டிகளையும் தடுக்கலாம். இங்கே பெரும்பாலும் இரண்டாவதைத்தான் பார்க்கப்போகிறோம். தமிழில் இதற்கு நிலைத்த சொல் இல்லாததால் வக்கீல்கள் சொல்கிறபடி பிரீஎம்ப்ஷன் என்றே எழுதுகிறேன். நானாகப் பெயர் வைப்பதென்றால் ‘கைகட்டுச் சட்டம்’ என்பேன்.

ஊரின் கையைக் கட்ட மாநிலத்துக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

அமெரிக்க அரசியல் சட்டத்தில் நகராட்சி, கவுண்டி பற்றிப் பேச்சே கிடையாது. மத்திய அரசு, மாநிலங்கள், அவ்வளவுதான். 1868இல் அயோவா உச்ச நீதிமன்றத்தின் ஜான் டில்லன் என்ற நீதிபதி ஒரு தீர்ப்பில் இதைப் பச்சையாகவே எழுதினார்: நகரத்துக்கு உயிர் கொடுத்தது மாநிலச் சட்டமன்றம், கொடுத்ததை அது திரும்பவும் எடுத்துக்கொள்ளலாம். ‘டில்லன் விதி’ என்று இன்றும் சொல்கிறார்கள். 1907இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் ஏறக்குறைய அதையே சொன்னது. அந்த வழக்கும் பிட்ஸ்பர்க் வழக்குதான். அந்த ஊருக்கு இந்த விஷயத்தில் ராசி சரியில்லை போல.

இதற்கு எதிர்த்திசையில் வந்தது ‘ஹோம் ரூல்’. பல மாநிலங்கள் தங்கள் அரசியல் சட்டத்திலேயே நகரங்களுக்குச் சொந்த அதிகாரம் எழுதிக் கொடுத்தன. ஒஹாயோ 1912இல் கொடுத்தது. அதை நினைவில் வையுங்கள், கீழே திரும்ப வரும்.

மாநிலம் முழுக்க ஒரே சட்டம் என்றால் நல்லதுதானே?

அந்தச் சட்டம் தரையா, கூரையா என்பதைப் பொறுத்தது.

தரை என்றால், "எல்லா ஊரிலும் குறைந்தது இவ்வளவு கட்டுப்பாடு இருக்கவேண்டும், அதற்கு மேல் உங்கள் இஷ்டம்." கூரை என்றால், "இவ்வளவுதான், இதற்கு மேல் எந்த ஊரும் போகக்கூடாது." முதல் வகையில் யாருக்கும் நஷ்டமில்லை. பிரீஎம்ப்ஷன் இரண்டாவது வகை. பலமான கூரையாக இருந்தாலாவது பரவாயில்லை. உணவகத்தில் ஒரு மூலையைப் புகைப்பவர்களுக்கு ஒதுக்கினால் போதும் என்கிற மாதிரி ஒப்புக்குச் சப்பாணிச் சட்டம் ஒன்றைப் போட்டு, அதற்கு மேல் எவரும் போகக்கூடாது என்று பூட்டுவதுதான் 1980களிலும் 90களிலும் நடந்தது. புகைக்கு மூலை தெரியுமா?

இது யார் யோசனை?

நேர்ப்பதில்: சிகரெட் கம்பெனிகள். இது ஊகம் இல்லை, அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 1998இல் 46 மாநிலங்களோடு கம்பெனிகள் செய்துகொண்ட பெரிய சமரச ஒப்பந்தமும் அதே ஆண்டு மினசோட்டா வழக்கும் கம்பெனிகளின் உள்விவகாரக் காகிதங்களை வெளியே கொண்டுவந்தன. இன்று சான்ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் நடத்தும் காப்பகத்தில் 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களை யாரும் இலவசமாகப் படிக்கலாம்.

பிரவுன் அண்ட் வில்லியம்சன் கம்பெனித் தலைவர் 1986இலேயே எச்சரித்திருக்கிறார்: மாநில அளவில் நமக்கு ஓரளவு வெற்றிதான், ஆனால் ஊர் ஊராகத் துண்டு துண்டாகத் தோற்றாலும் மொத்தத்தில் தோல்விதான். 1994இல் ஃபிலிப் மோரிஸின் உள்குறிப்பு ஒன்று திட்டத்தைச் சொல்கிறது: மாநில அளவில் பிரீஎம்ப்ஷன் மசோதா கொண்டுவந்தால் சண்டையை ஊர் மட்டத்திலிருந்து மாநிலச் சட்டமன்றத்துக்கு நகர்த்தலாம், அங்கேதான் நம் கால் பலமாக ஊன்றியிருக்கிறது.

ஊர் மட்டத்தில் ஏன் தோற்றார்கள்? பணம் இருந்ததே?

இதற்கு விக்டர் கிராஃபர்ட் சொன்ன பதிலைவிட நல்ல பதில் இல்லை. மேரிலாண்ட் மாநில செனட்டராக இருந்தவர், அப்புறம் சிகரெட் கம்பெனிகளின் சங்கமான டொபாக்கோ இன்ஸ்டிடியூட்டுக்காக லாபி செய்தவர், அதாவது சட்டம் போடுபவர்களைத் தன் பக்கம் இழுக்கும் வேலை பார்த்தவர். தொண்டையில் புற்றுநோய் வந்த பிறகு மனம் மாறி, 1995இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழுக்குப் பேட்டி கொடுத்தார். அவர் சொன்னதன் சாரம்: ஊர் மட்டத்தில் எங்களால் ஜெயிக்கவே முடியாது. தடை கேட்டு நிற்பவர் மேயரின் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார், அல்லது கவுன்சிலரின் மைத்துனராக இருப்பார். அக்கம்பக்கத்தார் எல்லாம் அவையில் உட்கார்ந்திருக்க, ‘எங்கிருந்தோ வந்த இந்தப் பெரிய ஆள் யார் நமக்குச் சொல்ல’ என்று ஆகிவிடும். அதனால்தான் முடிந்தால் மத்திய அரசு, இல்லாவிட்டால் மாநில அரசு என்று அங்கேயே விஷயத்தை முடித்துவிடப் பார்ப்போம். கிராஃபர்ட் அடுத்த ஆண்டே இறந்துபோனார்.

நகர மன்றக் கூட்டம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். சாயங்காலம், வேலை முடிந்து வரக்கூடிய நேரம். மைக் முன்னால் ஆளுக்குச் சில நிமிடங்கள். ஆஸ்துமா இருக்கிற பிள்ளையின் அம்மா பேசுவார், பார் கடைக்காரர் பேசுவார், இரவெல்லாம் புகைக்குள் பீர் பரிமாறும் பெண் பேசுவார். மாநிலத் தலைநகர் அப்படியா? கமிட்டி வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடும். வீட்டிலிருந்து நாலு மணி நேரக் கார்ப் பயணம். மசோதா எடுக்கப்படுமா என்பதே முந்தின நாள்தான் தெரியும். கம்பெனி லாபிக்காரருக்கு அங்கேயே அலுவலகம் இருக்கும்.

கலிஃபோர்னியாதான் இதற்கு அசல் சோதனைக்கூடம். 1978இலும் 1980இலும் மாநிலம் முழுக்கப் புகையைக் கட்டுப்படுத்தும் முன்மொழிவுகள் ஓட்டெடுப்புக்கு வந்தன. கம்பெனிகள் பணத்தைக் கொட்டி இரண்டையும் தோற்கடித்தன. அதே கலிஃபோர்னியாவில் பெர்க்லி 1977இலேயே ஊர்ச்சட்டம் போட்டுவிட்டது. 1983இல் சான்ஃபிரான்சிஸ்கோவின் பணியிடச் சட்டத்தைக் கவிழ்க்கக் கம்பெனிகள் ஓட்டெடுப்பு கொண்டுவந்து நூலிழையில் தோற்றன. 1990இல் சான் லூயிஸ் ஒபிஸ்போ என்ற சின்ன நகரம் பார்கள் உட்பட எல்லாப் பொது உள்ளிடங்களிலும் தடை போட்டது. மாநிலத்தில் ஜெயித்தவர்கள் தெருவில் தோற்றார்கள்.

பிரீஎம்ப்ஷனை மக்களிடமே நேராக ஓட்டுக்கு விட்டதுண்டா?

உண்டு. 1994, கலிஃபோர்னியா, முன்மொழிவு 188. பின்னால் இருந்தது ஃபிலிப் மோரிஸ். பிரச்சாரக் குழுவின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘மாநிலம் தழுவிய புகைக் கட்டுப்பாட்டுக்கான கலிஃபோர்னியர்கள்’. பெயரைப் பார்த்தால் ஏதோ புற்றுநோய்ச் சங்கம் மாதிரி இருக்கும். உள்ளே இருந்தது என்னவென்றால், ஊர்ச்சட்டங்களையும் அந்த ஆண்டு மாநிலம் புதிதாகப் போட்ட பணியிடச் சட்டத்தையும் துடைத்துவிட்டுத் தளர்வான ஒரே சட்டம். பின்னால் யார் என்பது தெரிந்ததும் பத்தில் ஏழு பேர் எதிராக ஓட்டுப் போட்டார்கள். விளைவு, பணியிடச் சட்டம் பிழைத்தது; 1995 ஜனவரியில் உணவகங்களுக்கும் 1998 ஜனவரியில் பார்களுக்கும் தடை நடைமுறைக்கு வந்தது.

கைகட்டுச் சட்டம் வருகிறது என்று தெரிந்தால் ஊர்கள் என்ன செய்யும்?

ஓடும். வட கரோலினா 1993 இதற்கு நல்ல உதாரணம். புகையிலை விளையும் மாநிலம். அந்த ஆண்டு சட்டமன்றம் கொண்டுவந்த சட்டம், மாநில அரசுக் கட்டடங்களில் 20 சதவீத இடத்தைப் புகைப்பவர்களுக்கு ஒதுக்கச் சொன்னது. ஆம், ஒதுக்கச் சொன்னது. ஊர்கள் இதைவிடக் கடுமையாகப் போகக்கூடாது என்றது. ஆனால் ஒரு சந்து விட்டுவிட்டார்கள்: 1993 அக்டோபர் 15க்கு முன்னால் போட்ட ஊர்விதிகள் அப்படியே இருக்கலாம்.

அவ்வளவுதான், கதவு சாத்துவதற்குள் நுழைந்துவிடலாம் என்று நகரங்களும் கவுண்டி சுகாதார வாரியங்களும் அவசர அவசரமாக விதி போட ஆரம்பித்தன. தடுக்க வந்த சட்டமே அந்த மூன்று மாதத்தில் புதிய விதிகளை வரவழைத்தது என்பது வேடிக்கைதான். ஆனால் அவசரத்தில் செய்த காரியத்துக்கு விலையும் கொடுக்கவேண்டி வந்தது. ஹாலிஃபாக்ஸ் கவுண்டி வாரியத்தின் விதியை 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. காரணம் பிரீஎம்ப்ஷன்கூட இல்லை. சின்ன உணவகங்களுக்குச் சலுகை கொடுத்தீர்களே, அது சுகாதாரக் காரணமா, வியாபாரக் காரணமா? சுகாதார வாரியத்துக்கு வியாபாரத்தைப் பார்க்கும் அதிகாரம் கிடையாதே என்றார்கள். விட்டுக்கொடுத்ததே வினையாயிற்று.

அதே மாநிலம் 2010 ஜனவரி 2 முதல் உணவகம், பார் இரண்டிலும் புகைக்கத் தடை போட்டது. ஊர்களுக்கும் அதிகாரத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. புகையிலை விளையும் நாட்டில் இது நடக்கும் என்று 1993இல் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

சட்டத்தில் ‘ஊர்கள் போடக்கூடாது’ என்று எழுதாமல் விட்டிருந்தால்?

அப்போதுதான் நீதிமன்றத்தில் சிண்டு பிடி. மாநிலம் வெளிப்படையாகச் சொல்லவில்லை, ஆனால் அந்தத் துறையை முழுக்கத் தன் கையில் எடுத்துக்கொண்டதா, ஊர்ச்சட்டம் மாநிலச் சட்டத்தோடு மோதுகிறதா என்று பார்ப்பார்கள். ஒரே மாதிரிக் கேள்விக்கு நேரெதிரான பதில்கள் வந்திருக்கின்றன.

நியூ ஹாம்ப்ஷயரில் கோல்புரூக் ஊரின் உணவகத் தடை 2003இல் விழுந்தது. அதே ஆண்டு அயோவாவில் ஏம்ஸ் நகரத்தின் சட்டமும் விழுந்தது. டில்லனின் பழைய நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. ஆனால் 2004இல் கென்டக்கி உச்ச நீதிமன்றம் லெக்சிங்டன் நகரத்தின் தடை செல்லும் என்றது. கென்டக்கியும் புகையிலை நாடுதான். 2008இல் தென் கரோலினா உச்ச நீதிமன்றம் கிரீன்வில் நகரத்தின் தடையை ஏற்றது. அதற்குப் பிறகு அந்த மாநிலத்தில் ஊர் ஊராகத் தடை வந்தது.

அண்மைக்காலத்தில் எனக்குப் பிடித்த வழக்கு மாசசூசெட்ஸின் புரூக்லைன். 2000 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு எந்த வயதிலும் புகையிலை விற்கக்கூடாது என்று அந்த ஊர் 2020இல் முடிவெடுத்தது. வயது வரம்பை மாநிலம் 21 என்று வைத்துவிட்டதே, ஊர் எப்படித் தாண்டலாம் என்று கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். மாநில உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில், இது மாநிலச் சட்டத்துக்கு முரண் இல்லை, அதோடு சேர்ந்து நிற்கக்கூடியதுதான் என்று சொல்லிவிட்டது. பக்கத்து ஊர்கள் சிலவும் அதே வழியில் கிளம்பிவிட்டன.

ஊர்ச்சட்டத்தைப் பிடுங்கினால் யாருக்காவது உடல்நிலை மாறுமா? இதெல்லாம் அதிகாரச் சண்டைதானே?

ஹெலினா கதையைக் கேளுங்கள். மொன்டானாவின் தலைநகரம், சின்ன ஊர், இருபதாயிரத்துச் சொச்சம் பேர். மாரடைப்பு வந்தால் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் வந்து சேர்வது ஒரே மருத்துவமனைக்குத்தான். 2002 ஜூனில் ஊர் ஓட்டுப் போட்டு, பார், கேசினோ உட்பட வேலை செய்யும் இடங்கள் எல்லாவற்றிலும் புகையை நிறுத்தியது. டிசம்பரில் நீதிமன்ற உத்தரவால் சட்டம் நின்றுபோனது.

ராபர்ட் ஷெப்பர்ட், ரிச்சர்ட் சார்ஜென்ட் என்ற இரண்டு மருத்துவர்கள் அந்த ஆறு மாதக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். மற்ற ஆண்டுகளில் அதே ஆறு மாதத்தில் சராசரி 40 மாரடைப்பு நோயாளிகள் சேர்ந்த இடத்தில், தடை இருந்தபோது சேர்ந்தது 24. தடை போனதும் எண்ணிக்கை மறுபடி ஏறியது. 2004இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இது வெளியானது.

கவனமாகச் சொல்லவேண்டும். ஊர் சிறியது, எண்ணிக்கை சிறியது. 40 சதவீதம் என்கிற வீழ்ச்சி மற்ற ஊர்களில் அப்படியே கிடைக்கவில்லை. பெரிய ஆய்வுகளில் பலன் இதைவிடக் குறைவு. ஆனால் திசை மாறவில்லை. 2009இல் அமெரிக்காவின் ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்’ ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து, புகைத்தடை மாரடைப்பைக் குறைக்கிறது என்றே முடிவுக்கு வந்தது. ஹெலினாவுக்கு அப்புறம் என்ன ஆயிற்று? 2003இல் மொன்டானா சட்டமன்றம், சூதாட்ட உரிமம் உள்ள இடங்களை ஊர்ச்சட்டங்கள் தொடமுடியாதபடி ஒரு சட்டம் போட்டது. இரண்டு ஆண்டு கழித்து மாநிலமே புகைத்தடை கொண்டுவந்தது. பார்களுக்கும் கேசினோக்களுக்கும் மட்டும் 2009 வரை தவணை.

வியாபாரிகள் சொல்வதில் நியாயமே இல்லையா? ஊருக்கு ஊர் வேறு சட்டம் என்றால் எப்படிக் கடை நடத்துவது?

கொஞ்சம் இருக்கிறது. பத்து ஊரில் பெட்ரோல் பங்க் கடை வைத்திருப்பவருக்கு, இந்த ஊரில் மென்தால் விற்கலாம், அந்த ஊரில் கூடாது என்றால் தலைவலிதான். ஊர் எல்லையில் கடை வைத்திருப்பவர், தெருவுக்கு அந்தப் பக்கத்துக் கடைக்குத் தன் வாடிக்கையாளர் போவதைக் கண்ணால் பார்க்கிறார். இதை லேசாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

ஆனால் அதே கடைக்காரர் ஏற்கெனவே ஊருக்கு ஊர் மாறும் விற்பனை வரியோடும், மது உரிம விதியோடும், பெயர்ப்பலகை விதியோடும்தான் காலம் தள்ளுகிறார். ஒரே சீரான சட்டம்தான் வேண்டும் என்றால் கடுமையான ஒரே சீர்ச் சட்டத்தையும் கேட்கலாமே. அப்படிக் கேட்டு லாபி செய்தவர்கள் அதிகம் பேர் என் கண்ணில் படவில்லை.

ஊர்ச்சட்டங்களால் நாட்டுக்கு ஏதாவது கிடைத்ததா?

நீடம், மாசசூசெட்ஸ். 2005இல் புகையிலை வாங்கும் வயதை 21 ஆக்கிய முதல் ஊர். 2006க்கும் 2010க்கும் இடையே அங்கே பள்ளி மாணவர்களில் புகைப்பவர்கள் 13 சதவீதத்திலிருந்து 7க்கு இறங்கினார்கள்; சுற்றியிருந்த ஊர்களில் 15இலிருந்து 12தான். அப்புறம் நியூயார்க் நகரம், 2016இல் முதல் மாநிலமாக ஹவாய், 2019 டிசம்பரில் நாடு முழுக்க 21. நீடத்தின் கையை அன்றைக்குக் கட்டியிருந்தால் அந்தக் கணக்கே நம்மிடம் இருந்திருக்காது.

ஒருமுறை போன அதிகாரம் திரும்ப வருமா?

வரும், மெதுவாக. 2002இல் டெலவேர்தான் முதலில் இந்தப் பூட்டைத் திறந்த மாநிலம். இல்லினாய் 2006 தொடக்கத்தில் ஊர்களுக்கு அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஊர்கள் ஒவ்வொன்றாகத் தடை போட, 2008 ஜனவரி 1இல் மாநிலம் முழுக்கவே தடை வந்துவிட்டது. 2010 வாக்கில் புகைத்தடையில் ஊர்களின் கையைக் கட்டியிருந்த மாநிலங்கள் ஒரு டஜன் அளவுக்குக் குறைந்திருந்தன. பிரீஎம்ப்ஷனே இல்லாமல் ஆக்கவேண்டும் என்பது மத்திய சுகாதாரத் துறையின் பத்தாண்டு இலக்குகளில் ஒன்றாகவே எழுதப்பட்டது, எட்டவில்லை.

துண்டு துண்டாகத் திறப்பதும் உண்டு. ஃபிளோரிடா 1985இல் பூட்டியது. 2002இல் மக்கள் 71 சதவீத ஓட்டில் பணியிடத் தடையை அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள், ஆனாலும் ஊர்களின் கைக்கட்டு அவிழவில்லை. சரி, கடற்கரை மணலில் சிகரெட் துண்டு பொறுக்கும் ஊர்கள் என்ன செய்யும்? 2022 வரை காத்திருந்தன. அந்த ஆண்டுதான் கடற்கரைகளிலும் பூங்காக்களிலும் தடை போட ஊர்களுக்கு அனுமதி கிடைத்தது. ஃபில்டர் இல்லாத சுருட்டுக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கு யாருக்காக என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். டென்னசியும் 2022இல், பெரியவர்கள் மட்டும் நுழையும் பார், இசை அரங்குகளில் தடை போட ஊர்களை அனுமதித்தது. நாஷ்வில் உடனே பிடித்துக்கொண்டது. அந்த ஊர்ப் பாடகர்களுக்குத் தொண்டைதான் பிழைப்பு.

பென்சில்வேனியாவில் இன்றைக்கு நிலைமை என்ன?

2008இல் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. உணவு விற்பனை 20 சதவீதத்துக்கு மேல் போகாத பார்களுக்கு விலக்கு, கேசினோ தளத்தில் ஒரு பகுதிக்கு விலக்கு. பிலடெல்பியாவைத் தவிர வேறு ஊர் எதுவும் இதைத் தாண்டக்கூடாது. அதாவது பிட்ஸ்பர்க்காரர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.

மத்திய அரசு எங்கே வருகிறது?

முக்கியமாக இரண்டு சட்டங்கள். 1965இன் சிகரெட் லேபிள் சட்டம், பெட்டியில் எச்சரிக்கை வாசகத்தைக் கொண்டுவந்தது. கூடவே மாநிலங்கள் தங்கள் இஷ்டத்துக்கு எச்சரிக்கை, விளம்பரம் பற்றி விதி போடுவதையும் தடுத்தது. கம்பெனிகள் அந்தச் சட்டத்தை ஏன் பெரிதாக எதிர்க்கவில்லை என்பதற்கு இது ஒரு காரணம். நியூயார்க் நகரம் கடைகளில் நோய்ப் படங்களோடு பலகை வைக்கச் சொன்னபோது, 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தச் சட்டத்தைக் காட்டித்தான் தடுத்தது.

2009இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம், புகையிலையை உணவு, மருந்துகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான எஃப்டிஏவின் கீழ் கொண்டுவந்தது. இது பொருளின் தரம், லேபிள் போன்றவற்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, விற்பனையைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மாநிலங்களுக்கும் ஊர்களுக்கும் விட்டுக்கொடுத்தது. சுவையூட்டிய புகையிலைக்கு லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி போட்ட விற்பனைத் தடை செல்லும் என்று 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதற்கு இந்தப் பிரிவுதான் அடிப்படை.

சண்டை இப்போது எதைப் பற்றி?

புகை மண்டலத்தைவிட, கடை அலமாரியைப் பற்றி. மாம்பழம், புதினா, பஞ்சுமிட்டாய் வாசனையில் இ-சிகரெட்டுகள், மென்தால் சிகரெட்டுகள். இவற்றுக்கு ஊர்கள் தடை போடத் தொடங்கியதும் பழைய ஆயுதம் திரும்ப வந்தது. வயது வரம்பை 21 ஆக்குகிறோம் என்ற நல்ல சட்டத்தின் வாலில், விற்பனை பற்றி ஊர்கள் எதுவும் செய்யக்கூடாது என்று கட்டிவிடுவது ஒரு வழி. ஃபிளோரிடா 2021இல் அப்படித்தான் செய்தது.

ஒஹாயோ கதை இன்னும் விறுவிறுப்பு. 2022 டிசம்பரில் கொலம்பஸ் நகரம் சுவையூட்டிய புகையிலை விற்பனைக்குத் தடை போட்டது. அதே மாதம் சட்டமன்றம் ஊர்களின் கையைக் கட்டும் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் மைக் டிவைன் 2023 ஜனவரியில் வீட்டோ செய்தார். அவர் குடியரசுக் கட்சி, சட்டமன்றப் பெரும்பான்மையும் அதே கட்சிதான் என்பதைக் கவனியுங்கள். ஜூலையில் அதே விஷயத்தை பட்ஜெட்டுக்குள் சொருகி அனுப்பினார்கள். அந்த வரியை மட்டும் மறுபடி வீட்டோ செய்தார். டிசம்பரில் கீழவையும் 2024 ஜனவரியில் செனட்டும் வீட்டோவைத் தூக்கி எறிந்தன. கொலம்பஸும் இன்னும் பல நகரங்களும் வழக்குக்குப் போயின. கையில் இருந்த ஆயுதம் 1912இன் ஹோம் ரூல். 2024இல் கவுண்டி நீதிபதி நகரங்களின் பக்கம் நின்று சட்டத்தைத் தடுத்தார். மாநில அரசு மேல்முறையீடு செய்தது.

இந்தியாவில் இப்படி உண்டா?

அப்படியே ஒப்பிட முடியாது. பொது இடப் புகைத்தடை 2003ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் கீழ் 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுக்க ஒரே மாதிரிதான். கொஞ்சம் உறவுள்ள விஷயம் தமிழ்நாட்டின் குட்கா தடை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஆண்டுதோறும் தடையை நீட்டிக்க ஆணையருக்கு அதிகாரம் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. யாருக்கு அதிகாரம் என்ற கேள்வி ஒன்றுதான், வழி வேறு.

நான் அமெரிக்காவில் இருக்கிறேன். என் ஊரின் கை கட்டப்பட்டிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நகர வழக்கறிஞர் அலுவலகத்தைக் கேட்பது நேரான வழி. பெரும்பாலும் ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் வரும். நீங்களே பார்ப்பதென்றால் மாநிலச் சட்டத்தின் கடைசிப் பிரிவுகளுக்குப் போங்கள். ‘சூப்பர்சீட்’ (மற்றதைத் தள்ளி நிற்பது), ‘பிரீஎம்ப்ட்’, ‘யூனிஃபார்ம்’ (ஒரே சீரான), ‘ஆக்குபை த ஃபீல்ட்’ (துறையை முழுக்கக் கையில் எடுப்பது), ‘மோர் ஸ்ட்ரிஞ்சென்ட்’ (இன்னும் கடுமையான) ஆகிய சொற்களைத் தேடுங்கள். கடைசிச் சொல் வந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். ஊர்கள் ‘மோர் ஸ்ட்ரிஞ்சென்ட்’ விதி போடலாம் என்று இருந்தால் அது தரை, போடக்கூடாது என்று இருந்தால் கூரை. ஏதாவது தேதி குறிப்பிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வட கரோலினா மாதிரி, அந்தத் தேதிக்கு முன்னால் உங்கள் ஊர் போட்ட பழைய விதி ஒன்று யாருக்கும் தெரியாமல் இன்னும் உயிரோடு இருக்கலாம். புகைத்தடை, விற்பனை, விளம்பரம், வயது வரம்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தேடவேண்டும். கென்டக்கியில் பாருங்கள், புகைத்தடை போட ஊர்களுக்கு அதிகாரம் உண்டு, கடை விற்பனையில் கைவைக்க அதிகாரம் கிடையாது.